கல்யாணத்துக்கு வழி எழுதிய கதை

நேற்று காலை கல்யாண மண்டபத்து வாசல். முகூர்த்தம் நெருங்குகிறது. மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸைக் காணோம்!

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

காரணம் உண்டு. என் தம்பி மகள் மீனாவின் நிச்சயதார்த்தத்துக்கு, மதுரையிலிருந்து எங்கள் ஊருக்கு வர மாப்பிள்ளை வீட்டாருக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அளவுகோல், வடக்குக் குறி எல்லாம் கச்சிதம் (நானே சொல்லிக்கொள்கிறேன்).

அன்று அவர்கள் அஞ்சுகிராமம் திருப்பத்தைத் தவறவிட்டு, நேரே கன்னியாகுமரி போய், சங்கு மாலையெல்லாம் வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தார்கள்!

மாப்பிள்ளையின் சித்தப்பா சபையிலேயே சொன்னார்: "வழி சொல்லத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுக்குறோமேப்பா!"

சுருக்கென்றது. முகூர்த்தத்துக்கும் இப்படி ஆனால்?

ஓய்வுக்குப் பிறகு நான் இலக்கியக் கோட்பாடு படித்து வருகிறேன் (வீட்டில் யாரும் தடுக்கவில்லை). யோசித்தேன். வரைபடத்தில் எல்லா இடமும் ஒரே சமயத்தில் இருக்கிறது. வழிப்போக்கருக்கு அப்படி இல்லை. கதை கேட்பவரைப் போல, அடுத்தது என்னவென்று தெரியாமல் வருகிறார்.

அப்படியானால் வழி என்பது ஒரு கதை. ஓட்டுநர்தான் கதாநாயகன்!

இந்த முறை படமே போடவில்லை. கதையாக எழுதினேன்.

தம்பி தலையில் கை வைத்தான். "அண்ணாச்சி, கல்யாணத்துக்கு வாறவனுக்கு கதை எதுக்கு?"

என் மனைவி: "எழுதட்டும். வண்டி கடலுக்குள்ள பெயிராம இருந்தா சரி!"

எனக்கும் பயம்தான். ஆனால் ஒரு விஷயத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. மனிதனுக்கு எங்கே சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பட்டவன் அல்லவா!

ஆகவே இப்படி எழுதினேன்: "மயிலாடியில் சிலை கொத்தும் சத்தம் கேட்கும். அதைத் தாண்டினால் குளத்தங்கரை. ரோடு ஒடுங்கும். வழி தப்பிவிட்டோம் என்று தோன்றும். தோன்றட்டும். வண்டியைத் திருப்ப வேண்டாம்."

ஹாரன் சத்தம்! பஸ் வந்துவிட்டது. நாதஸ்வரக்காரரே அப்போதுதான் டிபன் முடித்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர் குதித்து இறங்கினார். "யாரு சார் இத எழுதுனது? சந்தேகம் வரும்னு போட்ட எடத்துல கரெக்டா வந்துச்சு சார்!"

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, வண்டியில சத்தமா வாசிச்சுக்கிட்டே வந்தோம்!"

தாலி கட்டியாயிற்று. சாப்பாடும் ஆயிற்று. அப்புறம் சித்தப்பாவே வந்தார். "திரும்பிப் போறதுக்கு இத பின்னாலருந்து வாசிக்கணுமா?"

முடியாது! வரைபடத்துக்குத்தான் இரண்டு பக்கமும் வழி. கதைக்குக் கிடையாது.

பந்தி இலை எடுக்கும் மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். "பெண்ணுடன் புறப்படுகிறீர்கள். குளத்தங்கரையில் மீனா அழுவாள். நிறுத்த வேண்டாம். மயிலாடி தாண்டினால் சிரிப்பாள்."

மீனா எட்டிப் பார்த்துவிட்டாள். "பெரியப்பா! அந்த வரிய வெட்டுங்க!"

வெட்டவில்லை. இத்தனை வயதில் எழுதியதை வெட்டாமல் விட்டது இதுதான் முதல் தடவை.

இன்று காலை மதுரையிலிருந்து ஓட்டுநர் போன் செய்தார்.

"சார், அழுகை கரெக்டு. சிரிப்புதான் மயிலாடிக்கு முன்னாலேயே வந்துருச்சு!"