ஆள் சேர்க்கத் தெரிந்தவர்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது ஜீப்பின் பின்பக்க இருக்கையில் தனியாக இருந்த ஒரு தூக்குவாளி. அதன் இரு புறமும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் இன்னொருவரின் பை இருந்தது. ஆனால் அந்த வாளியை யாரும் நகர்த்தவில்லை. ஓர் ஆள் உட்காரும் அகலத்தை அதற்கு விட்டிருந்தார்கள். கம்பத்தில், மலைமேல் இருக்கும் மெட்டுக்குப் போகும் சாலை பிரியும் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து பதினேழுக்கு ஒரு பெண், சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். ஜீப்பின் பின்னால் நின்றிருந்த அக்கா வாளியை எடுத்துக் கீழே வைத்தார். வந்தவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அக்கா ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பத்து எண்ணினார். ஜீப் கிளம்பியது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அக்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குத் தினமும் காய் எடுக்கப் போகும் பெண்களில் அவரும் ஒருவர். தன்னோடு சேர்த்துப் பத்துப் பேரைத் திரட்டிக் கொண்டுபோவது அவர் பொறுப்பு. என் முதல் வீடியோ கேமை நடத்திச் சென்றவரும் அவர்தான்.

அப்போது நான் செய்தித்தாள் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் உத்தமபாளையம் நிருபராக இருந்தேன். மலைக்குப் போகும் ஜீப்புகளைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அவை கவிழ்ந்த நாட்களில்தான். இடம், நேரம், பெயர், வயது, ஊர் என்று ஐந்து தகவலும் சரியாக இருந்தால் செய்தி முடிந்தது. கவிழாத நாட்களுக்குப் பத்திரிகையில் இடம் கிடையாது. அந்த நாட்களை ஒரு விளையாட்டாகச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. விளையாடுபவர் விடிவதற்குள் பத்துப் பேரைத் திரட்டி ஜீப்பில் ஏற்ற வேண்டும். வளைவுகளில் ஏறும்போது அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். காய் எடுத்து, இருட்டுவதற்குள் எல்லோரையும் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சுடுவதற்கு அதில் யாரும் இல்லை.

நாற்பத்திரண்டு பக்கத்துக்குத் திட்டம் எழுதி வைத்திருந்தேன். நிரல் எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், ஒலிக்கு ஒருவர், இவர்களையெல்லாம் ஒன்றாகப் பிடித்து வைத்து வேலை வாங்க ஒருவர் என நான்கு பேர் வேண்டும். இணையக் குழுக்களில் அறிவிப்புப் போட்டேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பதில் வந்தது. வந்தவர்கள் உற்சாகமாகப் பேசினார்கள், இரண்டு வாரம் இருந்தார்கள், பிறகு பதில் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆறு பேருக்கு வீடியோ அழைப்பு வைத்திருந்தேன். பதினொன்றே முக்கால் வரை திரையில் ஒரே ஒரு சதுரம்தான் இருந்தது. அதில் என் முகம் இருந்தது. பின்னால் என் அறையின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டு தெரிந்தது. அந்த முக்கால் மணி நேரமும் எழுந்துபோக எனக்குத் தோன்றவில்லை. எழுந்தால் அந்தச் சதுரமும் காலியாகிவிடும்.

தகவல் திரட்டத்தான் அன்று ஜீப்பில் ஏறினேன். ஓட்டுநருக்கு அருகில் பாதி இடம் தந்தார்கள். திரும்பி வரும்போது, கடைசி வளைவில் போனுக்குச் சமிக்ஞை கிடைத்ததும் நான் வரிசையாக நான்கு பேரை அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து அக்கா கேட்டார்.

"என்ன பேப்பர் தம்பி, ஆள் கிடைக்கலையா?"

விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். எத்தனை நாள் வேலை என்று கேட்டார். ஒரு வருடம் என்றேன். ஜீப்பில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள்.

"ஒரு வருசத்துக்குக் கூப்புட்டா எவன் வருவான்? கல்யாணத்துக்கே ரெண்டு வட்டம் யோசிக்கிறாக" என்றார் அக்கா. "நான் நாளைக்கு மட்டும்தான் கூப்புடுவேன். பதினாலு வருசமா நாளைக்கு மட்டும்தான் கூப்புடுறேன்."

"அப்ப நீயே சேத்துக் குடேன் மதினி. தம்பி மொகத்தப் பாரு, தேர்தல்ல தோத்தவுக மாதிரி இருக்காக" என்றது பின் இருக்கை. அந்தப் பின் இருக்கைப் பெண் கோம்பைக்காரர். அவர் வாய் மூடி நான் பார்த்ததில்லை.

அக்கா ஏன் ஒப்புக்கொண்டார் என்று நான் பிறகு கேட்டேன். "எம் மகன் நாள் பூரா போனுக்குள்ளயே கெடக்கான். அவன் ஆத்தா என்ன பாடுபட்டு மலைக்குப் போறான்னு அதுக்குள்ளயாச்சும் பாக்கட்டும்" என்றார்.

பத்து நாளில் மூன்று பேர் சேர்ந்தார்கள். நான் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஜீப்பில் இருந்த பெண்களின் உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் உள்ளேயே இருந்தார்கள். ஒருவரின் கொழுந்தனார் மகன் அல்லிநகரத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் மகளின் ஓவிய ஆசிரியை ராயப்பன்பட்டியில் இருந்தார். கோயில் திருவிழாவுக்குத் தேர்த் தட்டிகள் வரைபவர். கம்பத்தில் உரக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கொடுப்பதையும் சேர்த்துச் செய்து வந்தார். நல்ல மைக்குகள் அவரிடம்தான் இருந்தன. வருமானம் வந்தால் எல்லோருக்கும் சம பங்கு என்று பேசிக்கொண்டோம்.

அக்காவின் முறை எளிமையானது. மாலை ஆறு மணிக்கு, மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும், அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஒவ்வொருவராக அழைப்பார். முதலில் ஜீப் பெண்கள், பிறகு நாங்கள். பின்னணியில் குழாய்த் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம் கேட்கும். "நாளைக்கு உண்டா, இல்லையா?" உண்டு என்றால், என்ன முடியும் என்று கேட்பார். இல்லை என்றால் "சரி" என்று வைத்துவிடுவார். காரணம் கேட்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"காரணம் கேட்டா பொய் சொல்லுவாக தம்பி. பொய் சொன்னவுகளுக்கு மறுநா மொகத்துல முழிக்க வெக்கமா இருக்கும். அப்புறம் வரவே மாட்டாக. கேக்காம விட்டா மூணாம் நாள் தானா வந்துருவாக."

இல்லை என்று எத்தனை நாள் சொன்னாலும் இடம் போகாது. வாளி வைத்துக் காத்திருப்பார்கள். ஆனால் போனை எடுக்காமல் விட்டால் கதை வேறு. ஒருநாள் பொறுப்பார். இரண்டாம் நாளும் எடுக்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் ஏறிவிடும். மலைக்குப் போகும் எல்லா ஜீப்புக்கும் அதுதான் வழக்கம். தோட்டத்தில் பத்து ஆள் என்று சொல்லியிருந்தால் பத்து ஆள் போய் நிற்க வேண்டும். இந்த வழக்கத்தை அவர் முதல் நாளே எங்கள் நால்வருக்கும் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வேலையை அவர் வளைவுகளாகப் பிரித்தார். என் நாற்பத்திரண்டு பக்கத்தை அவர் படிக்கவில்லை. "இன்னைக்கு எத்தனையாம் வளைவுல இருக்கோம்?" என்பதுதான் அவர் கணக்கு. ஒருமுறை அல்லிநகரத்துக்காரர் மூன்று நாளாக ஒரே வளைவில் நின்றுவிட்டார்.

"அக்கா, திருப்பத்துல ஜீப்பு பாறைக்குள்ள போயிருது. நான் என்ன பண்ண?"

"எங்க டிரைவரும் முந்தி அப்படித்தான். அந்த வளைவ விட்டுட்டு அடுத்த வளைவ ஓட்டு. ஏறி முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா எங்கன தப்புன்னு தெரியும்."

அது எப்படிச் சரியானது என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் இரண்டு வாரத்தில் ஜீப் பாறைக்குள் போவது நின்றது. ஓவிய ஆசிரியை மூடுபனியை எட்டு விதமாக வரைந்தார். ராவுத்தர் ஜீப்பின் கியர் மாறும் ஒலியை ஒவ்வொரு வளைவிலும் தனித்தனியாகப் பதிந்தார். என் பங்கு, பயணத்தில் பெண்கள் பேசும் பேச்சை எழுதுவது. அதில்தான் நான் தடுமாறினேன்.

நான் எழுதியது தவறில்லாமல் இருந்தது, உயிரும் இல்லாமல் இருந்தது. மூன்றாம் வளைவில் ஒரு பெண், "சாலை மிகவும் மோசமாகிவிட்டது, அதிகாரிகள் கவனிக்கவில்லை" என்று சொல்வாள். அல்லிநகரத்துக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, இவுக பேசுறது மாவட்டச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு." திருத்தி எழுதினேன். மறுபடி அப்படியே வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் மற்றவர்கள் பேசியதை ஒரு பத்திக்குள் சுருக்கிய கை. அவர்கள் பேசியபடியே விட அதற்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை அக்கா அழைத்தபோது, "முடிஞ்சிருச்சு, காலையில அனுப்புறேன்" என்றேன். முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்குப் போன் மேசையில் அதிர்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு முறை மணி அடித்து நின்றது. புதன்கிழமையும் அப்படியே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வீட்டில் துக்கமில்லை. இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். அவர் காரணம்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலிலிருந்து போனைக் கையில் வைத்திருந்தேன். எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆறு ஆனது, ஆறேகால் ஆனது. ஏழு மணிக்குப் போன் வேலை செய்கிறதா என்று பார்க்க, என் பழைய எண்ணிலிருந்து நானே எனக்கு அழைத்துப் பார்த்தேன். வேலை செய்தது.

மறுநாள் காலை ஐந்தே காலுக்குக் கம்பத்தில் இருந்தேன். அக்கா என்னைப் பார்த்து வழக்கம்போல் தலையசைத்தார்.

"டீ குடிச்சீகளா தம்பி?"

"அக்கா, ரெண்டு நாள் எடுக்க முடியல. இன்னைக்கு எழுதிக் குடுத்துருவேன்."

"ஒங்க எடத்துல ஆள் ஏறிட்டாக" என்றார். கோபமில்லாமல், பேருந்து போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

"அது என்னோட விளையாட்டு அக்கா."

"ஜீப்பும் மொதலாளியோடதுதான். அவரு வரலைன்னு என்னைக்காச்சும் நின்னுருக்கா?" அவர் தோள்களைத் தொட்டு எண்ணத் தொடங்கினார். எட்டில் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எடம் காலியானா கூப்புடுறேன். அங்கன நிக்காதீக, வண்டி பின்னால வரும்."

என் இடத்தில் ஏறியவர் கோம்பைக்காரர். ராவுத்தர் ஒரு சிறிய மைக்கை அவர் சட்டையில் மாட்டிவிட்டிருந்தார். அவர் வழக்கம்போல் பேசிக்கொண்டே மலையேறினார். அல்லிநகரத்துக்காரர் அதைக் கேட்டு வளைவு வளைவாகப் பொருத்தினார். அன்று மாலை அவர் எனக்கு அழைத்தார். "அண்ணே, ஒங்க கதைதான் இது. வேணாம்னு சொன்னா நிப்பாட்டிருவோம்." பதிவை அனுப்பச் சொன்னேன். மூன்றாம் வளைவில் கோம்பைக்காரர் ஓட்டுநரிடம் சொல்கிறார்: "ஏலே, பாத்து ஒடிச்சு விடுடா. காலையில குடிச்ச கஞ்சி வயித்துக்குப் போகவா நெஞ்சுக்கு வரவான்னு என்னையக் கேக்குது." பின்னால் ஒன்பது பேர் சிரிக்கும் சத்தம். அந்தச் சிரிப்பு அடங்கியதும் யாரோ, பேறுகாலத்துக்குப் போயிருக்கும் தன் மகளைப் பற்றித் தாழ்ந்த குரலில் தொடங்குகிறார். அதை நான் நான்கு முறை கேட்டேன். பிறகு அல்லிநகரத்துக்காரரை அழைத்து, நடத்துங்கள் என்றேன். என் நாற்பத்திரண்டு பக்கத்தையும் அவருக்கே அனுப்பிவிட்டேன்.

அக்கா சொன்ன சொல் தவறுபவர் அல்ல. இடம் காலியாகியிருந்தால் அழைத்திருப்பார். யாரும் போனை எடுக்காமல் விடவில்லை. ஓவிய ஆசிரியை, தன் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, ஒன்பது நாள் இல்லை என்று சொன்னாராம். அவர் இடம் அப்படியே இருந்ததாம். இதெல்லாம் ராவுத்தர் கடையில் உரம் வாங்க வருபவர்களுக்கு நடுவே நின்று நான் கேட்டறிந்தது. பதினோரு மாதத்தில் விளையாட்டு முடிந்தது. ஒரு வருடம் என்று நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இப்போது நான் ஓர் இணையச் செய்தித் தளத்துக்கு வீட்டிலிருந்தே செய்திகளைத் திருத்திக் கொடுக்கிறேன். பேச வேண்டிய தேவை இல்லாத வேலை. சில நாட்களில், மாலையில் பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர்" என்பதுதான் அன்று நான் வாய் திறந்து பேசிய ஒரே பேச்சு. ஆறு மணிக்குச் சன்னலைத் திறந்து வைப்பேன். அந்த நேரத்தில்தான் தேனிப் பக்கம் போகும் வண்டிகள் குறைந்து, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும்.

விளையாட்டு வெளியான அன்றே அதை வாங்கினேன். இறுதியில் வரும் பெயர்களில் அக்காவின் பெயர் முதலில் இருக்கிறது, ஜீப்பில் போகும் பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. என் பெயருக்கு நேராக 'எண்ணம்' என்று போட்டிருக்கிறார்கள். விளையாட்டு மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அடுப்பில் உலை, கையில் போன், திரையில் பத்துப் பேரின் பட்டியல். ஒவ்வொருவராக அழைத்து, நாளைக்கு உண்டா என்று கேட்க வேண்டும். பத்தாவது பெயர் 'பேப்பர் தம்பி'. முதல் நாள் அழைத்தேன். நான்கு முறை மணி அடித்து நின்றது, ஜீப் ஒன்பது பேருடன் கிளம்பியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பட்டியலில் அந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது.