தாகத்துக்கு முந்தி வந்த பயம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்லூரி மாணவன், நெடுந்தூர ஓட்டக்காரன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். மார்கழிக் குளிரில் தாடிக்கொம்பு வரை ஓடித் திரும்பினாலும் எனக்குத் தாகம் எடுக்காது. அதே உடம்பு சித்திரையில் என்னைக் கைவிட்டது. ஒரு கோடைப் பந்தயத்தில் இரண்டு கெண்டைக்கால்களும் இழுத்துக்கொள்ள, ஜனங்கள் பார்க்க நடுரோட்டில் விழுந்தேன். காய்ந்த சட்டையின் முதுகில் உப்புப் பூத்திருந்தது.

"தண்ணி பத்தல" என்றார்கள். நானும் நம்பினேன்.

அடுத்த கோடைப் பந்தயம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது. தாகம் எடுக்கும் முன்பே செம்பு செம்பாகக் குடித்தேன். உப்புத் தின்றால் நாக்கு வறளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சோற்றிலும் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்திலும் உப்பே போடாதே என்று அம்மாவை நச்சரித்தேன்.

பந்தயத்தன்று வழியிலிருந்த தண்ணீர்ப் பந்தல் ஒன்றைக்கூட விடவில்லை. கூட ஓடிய தாடிக்கொம்பு நண்பன் கத்தினான்: "ஏலே, இம்புட்டுத் தண்ணியக் குடிச்சுட்டு எப்படிடா ஓடுவ?"

"மறுபடி விழச் சொல்றியா?"

பாதித் தூரத்தில் விரல்கள் தடித்துவிட்டன. கையை இறுக்கி மூட முடியவில்லை. தலை பிளந்தது. வறட்சிதான் என்று பயந்து அடுத்த பந்தலில் இன்னும் குடித்தேன். எப்படியோ பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தாண்டி வாந்தி எடுத்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நண்பன் சொல்லித்தான் தெரியும். அவனையே பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டேனாம். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்ததாம். அவனும் இன்னும் இரண்டு பேரும் என்னைக் குதிரைவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நான் குடித்ததையெல்லாம் நண்பனிடம் கேட்டறிந்த டாக்டர் சொல்லியிருக்கிறார்: "தண்ணி குறையல, கூடிப்போச்சு. உப்பெல்லாம் வேர்வையில போயிருச்சு. மிச்சத்தையும் வெறும் தண்ணி நீர்க்க வச்சிருச்சு. ஒரு சொட்டுக்கூடக் குடுத்துராதீங்க." நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள்.

எனக்கு அரைகுறையாக நினைவு திரும்பியபோது அம்மா கட்டிலருகே இருந்தாள். வாய் வறண்டு ஒட்டியது.

"அம்மா, தண்ணி."

"குடுக்கக் கூடாதாம் அப்பு. செத்த நேரம் பொறுத்துக்க."

"சாகப்போறேன். ஒரு வாய் குடும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கெஞ்சினேன், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினேன். முந்தானையை வாயில் அழுத்தியபடி அழுதாளே தவிர, இடத்தை விட்டு எழவில்லை. வாசலில் நின்ற அத்தா தாங்கமாட்டாமல், "உதட்டையாவது நனைச்சு விடேன்" என்றார்.

"நீங்க வெளிய போங்க" என்றாள். அத்தாவிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

சாயங்காலம் தலை தெளிந்தது. தண்ணீர் கேட்காமல் 'அம்மா' என்று மட்டும் நான் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போய் முகம் கழுவினாள்.

மறுவருஷச் சித்திரையிலும் ஓடினேன். அத்தா வேண்டாம் என்றார். அம்மாவோ உப்புப் போட்ட மோரைக் கலந்து கொடுத்தாள். தாகம் எடுத்தபோது மட்டும் குடித்தேன். இது தாகமா, பயமா என்று ஒவ்வொரு பந்தலிலும் எனக்கே சந்தேகம். நான்காவதாக வந்தேன். நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "நான் யாருன்னு சொல்லுடா" என்றான். சரியாகச் சொன்னேன். அவன் சிரித்தான், எனக்குச் சிரிப்பு வர வெகுநேரம் ஆயிற்று.