முக்காலியில் எந்தக் கால்

பெர்லாவின் பொத்தான் கடைக்கும் என் ஜிப் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். அதனால் நான் சொல்வதில் பொய் இல்லை. கொஞ்சம் உப்பு காரம் கூடியிருக்கலாம்.

கடை அவளுக்கும் அவள் அண்ணன் நத்தாலியோவுக்கும் பொது. புவனோஸ் ஐரிஸில் எங்கள் யூதர் தெருவே வாயாடித் தெரு. அதிலும் நத்தாலியோ, தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிற ஆள். அப்பேர்ப்பட்டவன் நாலு வருஷமாகத் தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "நீலப் பொத்தான் எங்கன்னு அந்தம்மாவக் கேளுங்க" என்று வந்த வாடிக்கையாளரிடம் சொல்வான். அந்தம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பாள்.

காரணம் அவர்கள் அம்மா செத்தபோது நடந்தது. ஏழு நாள் துக்கம். வழக்கப்படி கண்ணாடிகளைத் துணியால் மூடி, பிள்ளைகள் தாழ்ந்த முக்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நத்தாலியோ ஒரு கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையோடு, இன்னொரு கையின் விரலை உயர்த்தி, அம்மாவின் பெருமை பேசிக்கொண்டிருந்தான். முக்காலியின் கால் முறிந்தது. ஆள் மல்லாந்து விழுந்தான், மாத்தே இலை முழுக்கத் தாடியில். பெர்லா சிரித்துவிட்டாள். அடக்க அடக்கப் பொங்கிய சிரிப்பு. எனக்கும் வந்தது, நான் இருமிச் சமாளித்தேன்.

"தாயப் பறிகொடுத்த வீட்ல சிரிக்கிறவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றான் அவன்.

இந்த வசந்தத்தில் ஒரு படி மேலே போய், கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு அடிக்கத் தச்சரிடம் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை வேலை. பெர்லா என்னிடம் வந்து அழுதாள்.

"பலகை அடிச்சா அவ்வளவுதான்டி. இப்ப அவன் மூஞ்சியாவது தெரியுது."

அந்த வாரம்தான் எங்கள் யூதக் கலைவிழா. ஞாயிறு சாயங்காலம் பட்டிமன்றம்: துக்க வீட்டில் சிரிக்கலாமா? கூடாது என்று பேசப்போவது யார்? சாட்சாத் நத்தாலியோதான். பெர்லா போய்ப் பெயர் கொடுத்ததோ அதே விழாவின் கோமாளிப் பயிற்சிக்கு.

"அறுபது வயசுல உனக்கெதுக்கு மூக்குல சிவப்புப் பந்து?" என்று கேட்டேன்.

"வாய்ப்பேச்சுல அவன ஜெயிக்க முடியுமா? விழுந்து காட்டுறேன். அதுக்கு என்ன பதில் சொல்வான்?"

பயிற்சி கொடுத்தவள் இலானா என்ற சின்னப் பெண். சிரிக்க வைக்கப் பார்க்காதீங்க, எது வலிக்குதோ அதைச் செய்யுங்க என்றாளாம். பெர்லாவுக்கு வலித்ததெல்லாம் இடுப்பு. தினமும் தைலம் தேய்த்துவிட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பியிருந்தது. "செத்தவங்களுக்கு நாம குடுக்க மரியாதைய விட்டா வேற என்ன இருக்கு?" என்று நத்தாலியோ முழங்கினான். நல்ல கைதட்டல். நியாயத்தைச் சொல்ல வேண்டும், நானும் தட்டினேன்.

அடுத்த பேச்சுக்கு முன்னால் கோமாளிகளின் காட்சி. சிவப்பு மூக்கோடு பெர்லா முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்தாள். மாத்தே குடுவையைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் போலவே விரலை உயர்த்தினாள். தடாலென்று விழுந்தாள்.

கூட்டம் சிரித்தது. விஷயம் தெரிந்தவர்கள் சட்டென்று நிறுத்திக்கொண்டு நத்தாலியோவைப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். போகப்போகிறான், நாளைக்குப் பலகை அடிக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

மைக்கைக் கையில் எடுத்தான்.

"அப்படி இல்ல. முறிஞ்சது இடது கால். நீ வலப்பக்கமா விழற."

நீ என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெர்லா தரையில் கிடந்தபடியே பதில் சொன்னாள்.

"வலது கால்தான் அண்ணா. பக்கத்துல உக்காந்திருந்தவ நான்."

"விழுந்தவன் நான்டி."

நடுவர் மணியை அடித்து அடித்துப் பார்த்தார். கடைசிவரை தீர்ப்பே சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை தச்சர் பலகையோடு வந்து, "எங்க அடிக்கணும்?" என்று கேட்டார்.

"இருங்க, முதல்ல இவளுக்கு அந்த முக்காலிய வரைஞ்சு காட்டிட்டு வரேன்" என்றான் நத்தாலியோ.

தச்சர் மத்தியானம்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பலகையோடு திரும்பிப் போனார். அண்ணனும் தங்கையும் இன்னும் நிறுத்தவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத்தான் காது போகிறது.