வாசல் மேசை

யாழ்ப்பாணத்தில் நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று என்னிடம் யாரும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். ஒருமுறை வாய் திறந்ததற்கே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் தனி ஆள். கொக்குவிலில் வீடு, பட்டணத்தில் வேலை. ஒரு வயிற்றுக்காக விடிய எழும்பித் தேங்காய் துருவ எனக்கு விசரா? காலைச் சாப்பாடு பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள சைவக்கடை ஒன்றில்தான். சுவரில் காரை பெயர்ந்திருக்கும், கதிரை ஆடும். ஆனால் இடியப்பம் ஆவி பறக்க வரும், தேங்காய்ப்பால் சொதியில் தண்ணீரை அள்ளி ஊற்ற மாட்டார்கள். மேசையில் இருந்ததும் கேளாமலே வடைத் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். வேண்டியதை எடுக்கலாம், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும்.

அந்தத் தட்டு எனக்குச் சும்மா வரவில்லை. முதல்நாள் போனபோது முதலாளி பின்பக்கம் கையைக் காட்டினார்.

"அக்கா, உள்ளை போய் இருங்கோ. குடும்ப அறை இருக்கு."

பலகை அடித்த ஒரு மூலை. முன்னால் ஊத்தைத் திரை. மின்விசிறி இல்லை. பெண் வாய் திறந்து சாப்பிடுவதைப் பார்த்தால் இந்த ஊர் ஆண்களுக்குச் செமிக்காது போலிருக்கிறது.

"ஆரின்ரை குடும்பம்?" என்று கேட்டேன். "ஆம்பிளை தனிய வந்தா உள்ளையோ விடுறனீங்கள்?"

நான் வாசல் மேசையில் போய் இருந்தேன். தெருவும் மினிபஸ்களும் தெரியும், காற்றும் வரும். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் பேப்பருக்கு மேலால் என்னைப் பார்த்தார்கள். நானும் திருப்பிப் பார்த்தேன். எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகுதான் எனக்கு இடியப்பம் வரும், வடைத் தட்டு என் மேசையைத் தாண்டிப் போகும். பல மாதம் இந்த இழுபறி. ஒருநாள் காலை முதலாளியே அந்தத் தட்டை எனக்கு முன்னால் டக்கென்று வைத்துவிட்டுப் போனார். பசி இல்லாமலே மூன்று வடை தின்றேன். அன்றிலிருந்து அந்த மேசை என்னுடையது.

பிறகுதான் கனடாவிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். சமைப்பதையும் தின்பதையும் படம் பிடித்து யூரியூப்பில் போடுவதுதான் இப்போது அவருக்கு உயிர்.

"உனக்குப் பிடிச்ச கடையளைச் சொல்லு பாப்பம்."

என் கடையைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனமில்லை. வேண்டுமென்றே பண்ணைக் கடற்கரைப் பக்கம் நிற்கும் சாப்பாட்டு வண்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கலர் லைட், காது கிழியப் பாட்டு. நல்ல நண்டு, பாவம், அதன்மேல் சீஸை ஊற்றி மூடி வைத்திருந்தார்கள். மீன் போட்டுக் காய்ச்சிய ஒடியல் கூழைப் பிளாஸ்ரிக் கோப்பையில் ஊற்றி உறிஞ்சுகுழாய் குத்தித் தந்தார்கள். மீன் முள்ளைக் குழாயால் எப்படி உறிஞ்சுவது என்று அந்த மேதாவிகளில் ஒருவரும் யோசிக்கவில்லை.

"சோக்காயிருக்கு!" என்றார் அண்ணன், போனைப் பார்த்து.

அதோடு விட்டிருக்கலாம். "காலமை எங்கை சாப்பிடுறனி?" என்று அரித்தெடுத்தார். தொல்லை தாங்காமல் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே பின்னால் வந்து நின்றார். வடையைப் படம் எடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். என்னைத்தான் எடுத்திருக்கிறார். அந்த வீடியோவுக்கு அவர் வைத்த தலைப்பு: 'என்ரை தங்கச்சி தனியச் சாப்பிடுற கடை'. கீழே ஊர் உலகமெல்லாம் எழுதியிருந்தது. ஐயோ பாவம். கலியாணம் கட்டேல்லையோ. பாக்கவே அழுகை வருது.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கொலைவெறி. அதற்குள் அவர் கனடாவுக்குத் திரும்பிப் போயிருந்தார். போன் எடுத்தேன்.

"அண்ணை, உந்த வீடியோவை அழியுங்கோ."

"ஏனடி? சனம் விரும்பிப் பாக்குது. உன்ரை கடைக்கும் நல்ல யாவாரம்."

"கடை என்ரை இல்லை. மேசைதான் என்ரை."

அவர் சிரித்தார். அழிக்கவில்லை.

இப்போது கடை வாசலில் வீடியோ பார்த்துவிட்டு வருபவர்களின் வான்கள் நிற்கின்றன. சுவருக்குப் புதுப் பெயின்ற், சொதியில் தண்ணீர். போன கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்கள்தானே அந்தத் தனியச் சாப்பிடுற அன்ரி? ஒரு படம் எடுப்பமே?"

விலகிப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முதலாளி ஓடிவந்து என் மேசையைத் துடைத்தார். என்னை ஒருவர் கண்ணிலும் படாமல் உள்ளே தள்ளப் பார்த்த அதே மனிதர்.

"அக்கா, கொஞ்சம் வெளிச்சப் பக்கம் திரும்புங்கோ. படத்திலை வடைத் தட்டும் விழட்டும்."

பின்னால் நின்ற யாரோ "பாவம், என்ன?" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது.

வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். நேரே பின்பக்கப் பலகை மூலைக்குப் போய் இருந்தேன். முதலாளி பதறிக்கொண்டு பின்னால் வந்தார்.

"அக்கா, உங்கை இருக்காதேங்கோ. வான்காரர் வருகினம். உது குடும்பங்களுக்கு."

"ஓம். முழுக் குடும்பமும் வந்திட்டுது" என்று சொல்லி, அந்த ஊத்தைத் திரையை நானே இழுத்து மூடினேன்.