ஏழாம் எண் வயலின்

மலேசியாவில், லுக்குட்டில் தையல்கடை வைத்திருக்கும் லோகேஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புத்தகப் பக்கம் வந்தது. புக்கிட் செலாரா ரப்பர் தோட்டத்துத் தந்தி இசைக்குழுவின் வரலாறு. எழுதியவர் திவாகரன், குழுவைத் தொடங்கிய கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், குலசேகரத்தின் மகன். அடுத்த சனிக்கிழமை சிரம்பானை ஒட்டிய ராசாவில் வெளியீடு.

‘1976-இல் தொழிலாளி வீட்டுப் பெண் ஒருத்தி வயலினைத் திருடியதால் குழு உடைந்தது’ என்று அதில் இருந்தது. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. குழுவில் முதல் வயலின் வாசித்தவள் லோகேஸ்வரிதான் என்பது தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரை கிளப்பில் விட்டுப்போன, எண் சூடு வைத்த பன்னிரண்டு வயலின், இரண்டு செல்லோவோடு ஆரம்பித்த குழு அது. கிராணி பிள்ளைகளும் பால்மரம் சீவுகிறவர்களின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசித்தார்கள். லோகேஸ்வரி காலையில் அப்பா வீரமுத்துவோடு மரம் சீவிவிட்டு, விரலில் ஒட்டிய பாலை உரித்துக்கொண்டே பயிற்சிக்கு ஓடுவாள். தம்பினில், மலாக்காவில், கல்யாணத்தில், கோயிலில் எல்லாம் வாசித்தாள்.

சிரம்பான் போட்டிக்கு முதல்நாள் ஏழாம் எண் வயலின் காணாமல் போனது. கடைசியாக வாசித்தவள் அவள். குலசேகரம் ஆட்களோடு தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்துக்கு வந்தார்.

“எங்கே ஒளிச்சு வச்சிருக்கிறாய்? சொல்லு!”

சட்டிபானை வாசலில் வந்து விழுந்தது. அம்மாவின் சேலைகளைக்கூட உதறிப் பார்த்தார்கள். வயலின் கிடைக்கவில்லை. பழி மட்டும் மிஞ்சியது. வீரமுத்துவுக்கு வேலை போனது. குடும்பம் லுக்குட்டுக்கு வந்தது. சாகும்வரை அவர் தோட்டத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மற்றத் தொழிலாளிகளும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புவதை நிறுத்த, ஒரே வருடத்தில் குழு கலைந்தது.

இருபத்தேழு வருடம் கழித்து, தம்பினில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் லோகேஸ்வரி அந்த வயலினைப் பார்த்தாள். ராமசாமியின் முடிவெட்டும் கடைச் சுவரில் மாட்டியிருந்தது. இறக்கிப் பார்த்தாள். தாடை படும் இடத்துக்குக் கீழே, சூடு வைத்த ஏழு.

“யாருகிட்ட வாங்குனீங்க, அண்ணே?”

“செலாரா கிராணி மவன்கிட்டதாம்மா. திவாகரன். மோட்டார் சைக்கிள் வாங்கணும், காசு பத்தலன்னு கொண்டாந்தான்.”

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். யார் நம்புவார்கள்? குலசேகரமும் செத்துவிட்டிருந்தார். எல்லோரும் கூடியிருக்க வேண்டும், திவாகரன் மேடையில் இருக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கோடு தம்பினுக்குப் போனாள். ராமசாமியின் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு பற்றி அவர் பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் அதிகக் கவலை. அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனையே செய்திருக்கிறாள்.

சனிக்கிழமை ராசா மண்டபத்தில் இருநூறு பேர். திவாகரனின் மகள் தர்மினி இருபது இளைஞர்களை வைத்துப் புதிதாக ஒரு குழு நடத்துகிறாள். அவர்கள் வாசித்து முடித்ததும் திவாகரன் மைக்கைப் பிடித்தார். லோகேஸ்வரி எழுந்தாள்.

“முப்பத்தோராம் பக்கத்தைப் படிங்க. சத்தமா படிங்க.”

“இப்ப ஏன் அதெல்லாம், லோகா? பிறகு கதைப்பம்.”

“எழுதத் தெரிஞ்சது இல்ல? படிங்க.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் படித்தார். ‘திருடியதால்’ என்ற இடத்தில் குரல் இறங்கியது. “கேக்கல. இன்னொரு தடவ” என்றாள். அவர் மறுபடி படித்தார்.

பிறகுதான் பையைத் திறந்து, ராமசாமியிடம் வாங்கி வந்த வயலினை எடுத்து, ஏழு தெரியும்படி பிடித்தாள். அவள் கூட்டி வந்திருந்த எண்பத்தோரு வயது ராமசாமி பிரம்பை ஊன்றி எழுந்தார். “இத எனக்கு வித்தது இவருதான். இந்தா நிக்கிறாரே, இவரேதான்லா.”

தர்மினி அப்பாவைப் பார்த்தாள். “அப்பா, இது ட்ரூவா?”

அவர் மைக்கைக் கீழே வைத்தார். பழைய செலாரா ஆட்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். தர்மினி மேடையிலேயே அழுதாள். அதைப் பார்த்தும் லோகேஸ்வரிக்கு மனம் இளகவில்லை. அம்மா வாசலில் சேலைகளைப் பொறுக்கியபோது யாரும் இளகவில்லை.

இரண்டு வாரம் கழித்து தர்மினி கடைக்கு வந்தாள். புத்தகத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம்.

“ஆன்டி, அப்பா நேர்ல வந்து சாரி சொல்லணும்னு இருக்காரு.”

“இங்க வேணாம். லயம் இருந்த எடத்துக்கு வரச் சொல்லு. நம்ம ஆளுங்களையும் கூப்பிடுறேன்.”

லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஒன்பது குடும்பங்கள் வந்திருந்தன. வெயிலில் நின்றுகொண்டு திவாகரன் சொன்னார்: “வயலினை எடுத்தது நான். வீரமுத்து ஐயாவின் குடும்பத்துக்கு ஒண்டும் தெரியாது. நான் செய்தது பிழை.” கைகூப்பினார். “மன்னிச்சிடு, லோகா.”

“மன்னிக்கக் கூப்பிடல. சொல்லத்தான் கூப்பிட்டேன். சொல்லிட்டீங்க, போங்க.”

அவர் கார் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும் வழியில் லுக்குட் பசாரில் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டுக் குழம்பு வைத்தாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.