கடைசி நட்டை இறுக்க வேண்டியவர்

காஜா மைதீன் மாமா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. செல்லூரில் எங்கள் பஸ் பட்டறைக்கு வந்துபோன உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவரைத் திட்டாமல் அங்கே ஒரு பொழுதும் போனதில்லை. பெயின்ட் பீச்சக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைத் திறந்து, உள்ளிருந்த சாமான்களைச் சாக்கில் பரப்பிவிட்டு, "சாப்பிட்டுட்டு வாரேன் மாப்ள, அதுவரைக்கும் எவனும் கை வைக்கப்படாது" என்று போனவர்தான். வெயில் சாயும் வரை ஆளைக் காணோம். பெயின்ட் அடிக்க வேண்டிய பஸ் காத்து நிற்கிறது. சைக்கிளில் வந்து இறங்கிய அவருடைய மச்சானிடம், "எங்கய்யா அந்த மனுசன்?" என்று பாய்ந்தேன்.

"சோத்துல கைய வச்சாருண்ணே. அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார் அவர்.

மாமாவும் நானும் பட்டறையில் கூட்டாளிகள். ரத்த உறவு கிடையாது. ஆனாலும் அவருக்கு நான் மாப்ள, எனக்கு அவர் மாமா. யுத்த காலமாதலால் புதுச் சாமான் எதுவும் கிடைப்பதில்லை. கெட்டதையே கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். எங்களுக்கு அது திண்டாட்டம், அவருக்குக் கொண்டாட்டம். என்ன கோளாறாக இருந்தாலும் முதல் வேலையாக மெசினைத் திறந்துவிடுவார். வெளியே பார்த்துவிட்டு அப்புறம் திறப்போம் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன். "வயித்துவலிக்காரனுக்குச் சட்டையப் பாத்தா வைத்தியம் பண்ணுவாக?" என்பார்.

ஒரு சித்திரைத் திருவிழா சமயம். கொட்டாம்பட்டி முதலாளி ஒருவர் தன் பஸ்ஸைப் பெயின்ட் அடிக்க விட்டிருந்தார். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் வண்டி ஓட வேண்டும். இல்லையென்றால் தன்னுடைய எல்லா வண்டிகளையும் வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரஸர் மக்கர் பண்ணியது. மோட்டார் ஓடுகிறது, பெல்ட் சுற்றுகிறது, டாங்க்கில் மட்டும் காற்று ஏறவில்லை. மாமா திறந்தார். வால்வைத் தேய்த்தார், பேக்கிங்கை வெட்டி மாற்றினார். மூடி ஓட்டினால் அதே கதை. திரும்பவும் திறந்தார். கடைசியில் கடுப்பாகி, மெசின் காற்றை உள்ளே இழுக்கும் குழாயைப் பிடுங்கி எறிந்தார். டாங்க்கில் காற்றின் அழுத்தம் காட்டும் முள் ஜம்மென்று ஏறியது. குழாயை மாட்டினால் பழையபடி படுத்துக்கொண்டது.

அந்தக் குழாய் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போகும். பட்டறைத் தூசி மெசினுக்குள் போகக் கூடாது என்று அவரே வெளியே கொண்டுபோய், அதன் வாயில் மெல்லிய மல் துணி கட்டி வைத்தது. தெருவில் நெசவுக்காரர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுவார்கள். தெறித்த கஞ்சியையும் பறந்த பஞ்சையும் இழுத்து இழுத்து, அந்தத் துணி அப்பளம் போலக் காய்ந்து அடைத்திருந்தது. "பாத்தியா மாப்ள, மெசின்ல ஒரு கோளாறும் இல்ல. தெருவுலதான் கோளாறு" என்றார், ஏதோ தெருவை நான் கட்டியது போல. எனக்கு அவரை நாலு சாத்துச் சாத்தலாம் போலிருந்தது. எப்படியோ பஸ் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கும் மெசினை மூடும்போது கடைசி நட்டை அவர் தொடவில்லை. அது அவர் போட்ட சட்டம். வேலை செய்தவனோடு எவன் சண்டை போட்டானோ அவன்தான் கடைசி நட்டை இறுக்க வேண்டும். ஸ்பானரை மூக்குக்கு நேரே நீட்டுவார். "இறுக்கிட்டேன்னா சண்டை முடிஞ்சுச்சு. நாளைக்குக் கெட்டா ரெண்டு பேரும் சேந்து கெடுத்தது." மாட்டேன் என்றால் மெசினை ஓட்ட விடமாட்டார். அந்தப் பட்டறையில் கடைசி நட்டுகள் அநேகமாக என் கையால் இறுகியவைதான்.

அவர் போன அன்று வந்த கோளாறு வேறு. காற்று நன்றாக ஏறுகிறது, மெசினை நிறுத்தினால் முள் மெல்ல இறங்குகிறது. டாங்க்குக்குப் போகும் குழாய் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்போம் என்றேன். "அது நான் மாட்டின மூட்டு. கசியாது" என்று சொல்லிவிட்டு, மெசினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சாமான்களைச் சாக்கில் பரப்பினார். "இம்புட்டுப் பிடிவாதம் பிடிச்ச ஆளோட இனி என்னால மாரடிக்க முடியாது மாமா" என்றேன். அதற்குப் பதிலாகத்தான் சாப்பிட்டுட்டு வாரேன் என்று போனார்.

மையவாடியில் மண் போட்டுவிட்டு, மறுநாள் பட்டறையைத் திறந்தேன். சாக்கில் கிடந்தவற்றை அவர் வைத்த வரிசையிலேயே எடுத்து மாட்டினேன். ஹெட்டின் கடைசி நட்டு என்னுடையது. சண்டை போட்டவன் நான். இறுக்கினேன். மெசினை ஓட்டி நிறுத்தினேன். முள் இறங்கியது. மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினேன். குமிழ் குமிழாகக் கிளம்பியது. நான் சொன்னதுதான் சரி. ஒத்துக்கொள்ள வேண்டிய மனிதர் இல்லை. அவர் செத்ததற்கு வராத அழுகை எனக்கு அப்போது வந்தது, கோபத்தோடு சேர்ந்து வந்தது.

மூட்டைக் கழற்றித் துடைத்து, நூல் சுற்றி மாட்டினேன். இந்த வேலை நான் செய்தது. இதில் என்னோடு சண்டை போட்டவர் அவர். அவருடைய சட்டப்படி இந்த மூட்டின் நட்டை இறுக்க வேண்டியவர் அவர்தான். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன். "அண்ணே, பஸ் நிக்குது" என்றார் பெயின்டர். நானே இறுக்கினேன். முள் இறங்கவில்லை.

அந்த ஸ்பானரும் அந்தச் சட்டமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. பட்டறையில் யார் என்னோடு சண்டை போட்டாலும் ஸ்பானரை நீட்டுகிறேன். முணுமுணுத்துக்கொண்டே வாங்கி இறுக்குகிறார்கள். அந்த மூட்டின் நட்டை மட்டும் இறுக்க வேண்டிய மாமா இறுக்கவில்லை. ஆகவே எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.