இருபது விநாடி இங்கிலீஷ்

எங்கள் வேலைக்குக் கண்ணும் கையும் போதும், வாய் தேவையே இல்லை. பாயான் பாருவில் சிப் செய்யும் ஃபேக்டரியில் ஆறு வருஷமாக ஆபரேட்டர் நான். லைன் லீடர் ஆகிவிட்டால் எப்போதும் காலை ஷிப்ட்தான். அடுத்த வருஷம் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், சாயங்காலம் நான் அவளோடு வீட்டில் இருந்தாக வேண்டும். ஆனால் லீடராக இங்கிலீஷ் பரீட்சை உண்டு. எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று. என்னைப்போல ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு, 'ஹேவ்' போடுவதா 'ஹேஸ்' போடுவதா என்று நகம் கடிக்கும் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கையுறையில் ஐந்து சொல்

நாங்கள் வேலை செய்யும் அறைக்குள் தூசி ஆகாது, அதனால் துண்டுக் காகிதம்கூடக் கொண்டுபோக முடியாது. நான் என்ன செய்தேன், கையுறையிலேயே பேனாவால் ஐந்து சொற்களை எழுதிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் லிம் பார்த்துவிட்டார். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போடச் சொன்னார். போடுமுன் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டார். நாலு சொன்னேன். மலாயும் இங்கிலீஷும் கலந்து அவர் சொன்னது இதுதான்: "அஞ்சாவது நாளைக்கு. கையில எழுதாதே, மண்டையில எழுது."

காற்றுக்குள் வகுப்பு

அந்த அறைக்குப் போகிற வழியில் ஏர் ஷவர் என்று ஒரு சின்னக் கூண்டு. இரண்டு பேர் நிற்கலாம். நாலு பக்கமும் காற்று அடித்துத் தூசியைத் தட்டும். இருபது விநாடி முடிந்தால்தான் அடுத்த கதவு திறக்கும். சும்மா நிற்பானேன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தேன். காற்றுச் சத்தத்தில் கேட்காது என்று கத்தித்தான் சொல்வேன். கூட நிற்பவர் ஓடவும் முடியாது.

ஒரு வாரத்தில், என் பின்னால் வரிசையில் நிற்க ஆள் இல்லை. என் லைனிலேயே மூத்தவர் பரமேஸ் அக்கா. அவரும் ஒருநாள் கூண்டு வாசலில் நின்றுவிட்டார். "ஒண்ணுக்குப் போய்ட்டு வர்றதுக்குக்கூட உன் இங்கிலீஷைக் கேக்கணுமா? நீ முன்னால போ தாயி, நான் அடுத்த காத்துல வர்றேன்."

பேச்சுப் பரீட்சை

எழுத்தில் பாஸ். பேச்சுக்கு, என் வேலையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசச் சொன்னார் ஆபீசர் அம்மா. தடதடவென்று ஆரம்பித்தேன், ஒரு தப்பு இல்லை. இருபது விநாடியில் வாய் தானாக நின்றுவிட்டது. கூண்டுக் கதவு திறக்கக் காத்திருப்பவளைப் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த அம்மா தாளை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார். "அவ்வளவுதானா? நான் பக்கத்திலதானே இருக்கேன், ஏன் கத்துறீங்க?"

பஸ்

பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் அடுத்த தடவைக்குப் பெயர் கொடுத்தேன். மூன்று மாசம் இருந்தது. வேலை முடிந்து ஆயர் ஈத்தாமுக்குப் போகும் ஃபேக்டரி பஸ் தினமும் ஜாமில் அரைமணி நிற்கும். பரமேஸ் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முன்சீட்டில் தூங்குகிறார்களே என்று குரல் தானாக இறங்கியது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பார் அக்கா, ஆனால் போனில் நேரம் பார்ப்பார், எங்கள் ஊர் வழக்கப்படி வாக்கியத்துக்கு நடுவில் 'லா' போட்டால் தொடையில் கிள்ளுவார். ஒரு நிமிஷத்தைத் தாண்ட முடியாமல் நான் தவித்த அன்று வழி சொன்னதும் அவர்தான். "உன் மாமியாரைப் பத்திப் பேசு. யாராலயும் நிறுத்த முடியாது."

இரண்டாவது தடவை

அதே அம்மா. வீட்டில் உங்களுக்கு உதவுகிற ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். இரண்டு நிமிஷம் தாண்டியது, மூன்றும் தாண்டியது. மாமியார் மீன் கழுவுவதில் ஆரம்பித்து, என் மகளுக்குத் தலை பின்னுவதற்கு வந்திருந்தேன். அந்த அம்மா கையைத் தூக்கினார். "போதும், பாஸ். மாமியாருக்கு என் சலாம் சொல்லுங்க."

இங்கிலீஷ் வர நல்ல புத்தகம் வேண்டும், நல்ல வாத்தியார் வேண்டும் என்பார்கள். என் அனுபவத்தில், தப்பித்துப் போக வழியில்லாத ஒரு சிநேகிதி இருந்தால் போதும்.